மே மாதச் சம்பளத்தில் அகவிலைப்படி குறைந்தது ஏன்? வங்கி ஊழியர்களின் டி.ஏ. கணக்கு குறித்து ஒரு கேள்வி

கேள்வி: எழுத்தர், சேலம்

அனைவருக்கும் வணக்கம். பொதுத்துறை வங்கி ஒன்றில் சென்ற ஆண்டின் இறுதியில் எழுத்தராகப் பணியில் சேர்ந்தேன். பட்டதாரிகளுக்குத் தரப்படும் இரண்டு ஊதிய உயர்வுகளையும் சேர்த்து என் அடிப்படைச் சம்பளம் 26,730 ரூபாய். 2025 ஏப்ரல் மாதச் சம்பளச் சீட்டில் அகவிலைப்படி (டி.ஏ.) 21.20 சதவீதமாக இருந்தது. மே மாதச் சீட்டில் அது 19.97 சதவீதமாகக் குறைந்து, மொத்தச் சம்பளத்தில் நானூறு ரூபாய்க்கும் சற்று அதிகமாகப் பிடித்தம் போலக் குறைந்திருக்கிறது. ஊழியர்களிடம் கேட்டால் "மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏறும், இறங்கும்" என்பதற்கு மேல் யாரும் விளக்கவில்லை.

என் குழப்பம் இரண்டு. ஏப்ரல் மாதத்தில்தான் வீட்டுச் சமையல் எரிவாயு சிலிண்டருக்கு 50 ரூபாய் ஏற்றினார்கள். பாலோ பேருந்துக் கட்டணமோ வாடகையோ குறைந்ததாகத் தெரியவில்லை. அப்படியிருக்க, விலைவாசியை ஈடுகட்டுவதற்காகத் தரப்படும் படி எப்படிக் குறையும்? அடுத்து, என் அண்ணன் அஞ்சல் துறையில் பணிபுரிகிறார். அவருக்கு இதே காலத்தில் அகவிலைப்படி 53 சதவீதத்திலிருந்து 55 சதவீதமாக உயர்ந்து, ஜனவரி முதல் நிலுவையும் கிடைத்தது. நாடு ஒன்று, சந்தை ஒன்று எனும்போது அவருக்கு 55, எனக்கு 19.97 என்பது எந்தக் கணக்கு? சங்கச் சுற்றறிக்கைகளில் 8088 என்றும் 123.03 என்றும் சில எண்கள் வருகின்றன. அவை என்னவென்றும் யாராவது விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: தொழிற்சங்கக் கிளைப் பொறுப்பாளர், கோவை

தோழர், பணியில் சேர்ந்தவுடனேயே சம்பளச் சீட்டை வரிவரியாகப் படிக்கிறீர்கள் என்பதே மகிழ்ச்சி. நம் அகவிலைப்படி நிர்வாகம் மனம்வைத்துத் தருவதும் அல்ல, பிடித்து வைத்துக்கொள்ளக்கூடியதும் அல்ல. இந்திய வங்கிகள் சங்கத்துக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் இடையே 2024 மார்ச் 8 அன்று கையெழுத்தான பன்னிரண்டாவது இருதரப்பு ஒப்பந்தத்தில் அதன் சூத்திரம் எழுதப்பட்டிருக்கிறது; அந்த ஒப்பந்தம் 2022 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

சூத்திரத்துக்கு மூலப்பொருள், மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் லேபர் பீரோ மாதந்தோறும் வெளியிடும் தொழிலாளர்களுக்கான அகில இந்திய நுகர்வோர் விலைக் குறியீட்டு எண். நாடு முழுவதும் 88 தொழில் மையங்களில் உள்ள 317 சந்தைகளில் திரட்டப்படும் சில்லறை விலைகளைக் கொண்டு, 2016ஆம் ஆண்டின் விலையை 100 என்று வைத்து இதைக் கணக்கிடுகிறார்கள். ஒரு மாதத்தின் எண் அடுத்த மாதக் கடைசி வேலைநாளில் வெளியாகும்.

இந்த எண்களை மூன்று மூன்று மாதங்களாகச் சேர்த்துச் சராசரி எடுக்கிறோம். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான சராசரி, அடுத்து வரும் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மாதங்களின் படியைத் தீர்மானிக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரையிலான சராசரி மே, ஜூன், ஜூலைக்கு உரியது. ஏப்ரல் முதல் ஜூன் வரை ஆகஸ்ட் முதல் அக்டோபருக்கும், ஜூலை முதல் செப்டம்பர் வரை நவம்பர் முதல் ஜனவரிக்கும் பொருந்தும். சராசரியிலிருந்து 123.03ஐக் கழித்தால் மீதம் வருவதே நம் டி.ஏ. சதவீதம். அதாவது, குறியீட்டெண் 123.03க்கு மேல் 0.01 புள்ளி ஏறினால் படி 0.01 சதவீதம் ஏறும். இறங்கினால் அதே அளவு இறங்கும்.

உங்கள் சீட்டில் உள்ள எண்களையே இதில் இட்டுப் பார்ப்போம். 2024 அக்டோபரில் குறியீட்டெண் 144.5, நவம்பரிலும் 144.5, டிசம்பரில் 143.7. சராசரி 144.23. அதில் 123.03 போனால் 21.20. இதுவே உங்கள் ஏப்ரல் மாதப் படி. அடுத்து 2025 ஜனவரியில் 143.2, பிப்ரவரியில் 142.8, மார்ச்சில் 143.0, சராசரி சரியாக 143.00. அதில் 123.03 போனால் 19.97. குறைவு 1.23 சதவீதம்.

இனி ரூபாய்க் கணக்கு. டி.ஏ. அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் தரப்படுவதில்லை, சிறப்புப் படிக்கும் உண்டு. எழுத்தருக்குச் சிறப்புப் படி அடிப்படைச் சம்பளத்தில் 26.5 சதவீதம், உங்களுக்கு 7,083.45 ரூபாய் வரும். இரண்டும் சேர்ந்து 33,813.45. இதற்கு 21.20 சதவீதம் என்றால் 7,168.45 ரூபாய், 19.97 சதவீதம் என்றால் 6,752.55 ரூபாய். வித்தியாசம் 415.90. நீங்கள் சொன்ன "நானூறுக்கும் சற்று அதிகம்" இதுதான். வீட்டு வாடகைப் படிக்கு டி.ஏ. கிடையாது என்பதால் அது மாறியிருக்காது, சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சிலிண்டர் விலை பற்றிக் கேட்டீர்கள். அந்த உயர்வு ஏப்ரல் மாதத்தில் வந்தது. மே மாதப் படிக்கு எடுத்துக்கொள்ளப்படும் கடைசி மாதம் மார்ச் என்பதால், ஏப்ரல் விலை எதுவும் இந்தக் காலாண்டின் கணக்கில் வராது. ஆகஸ்ட் படியில்தான் அது தெரியும். ஏப்ரல் மாதக் குறியீட்டெண் 143.5 என்று ஏற்கெனவே வெளியாகிவிட்டது.

பதில் 2: அதிகாரி, சென்னை

தோழர் கோவையின் விளக்கத்தோடு உடன்படுகிறேன். அண்ணனின் 55 சதவீதத்தைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன், ஏனெனில் இந்த ஒப்பீட்டைக் கேட்டுக் கேட்டே நம் இளைஞர்கள் பலர் தாங்கள் ஏமாற்றப்படுவதாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

அகவிலைப்படிச் சதவீதம் என்பது, கடைசியாக அடிப்படைச் சம்பளம் திருத்தப்பட்ட நாளிலிருந்து விலைவாசி எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதன் அளவு. மத்திய அரசு ஊழியர்களுக்கு அடிப்படைச் சம்பளம் கடைசியாக ஏழாவது ஊதியக் குழுவின்படி 2016 ஜனவரி 1 முதல் திருத்தப்பட்டது. அன்று அடிப்படையாகக் கொள்ளப்பட்ட எண், 2001ஐ 100 என்று வைக்கும் பழைய வரிசையில் 261.42. புதிய வரிசைக்கு மாற்ற 2.88 என்ற இணைப்புக் காரணியால் வகுத்தால் ஏறக்குறைய 90.77 வருகிறது. நமக்கோ தொடக்கப் புள்ளி 123.03. அண்ணனின் படி 90.77இலிருந்து இன்று வரை ஏறிய முழு உயரத்தை அளக்கிறது, உங்களுடையது 123.03க்குப் பிறகான உயரத்தை மட்டும் அளக்கிறது. இடைப்பட்ட ஏற்றம் உங்கள் அடிப்படைச் சம்பளத்துக்குள்ளேயே போய்விட்டது.

அந்த 55ஐயும் நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். அரசு எடுப்பது காலாண்டுச் சராசரி அல்ல, பன்னிரண்டு மாதச் சராசரி. 2024 ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான சராசரி 141.58, அதை 2.88ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 407.76. அதிலிருந்து 261.42ஐக் கழித்து, மீண்டும் 261.42ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 55.98 வருகிறது. பின்னத்தை விட்டுவிட்டு 55 என்று அறிவித்தார்கள். ஒரு சதவீதத்துக்குச் சற்றே குறைவான தொகை அங்கே ஆறு மாதத்துக்கு அப்படியே விடுபடுகிறது. நமக்கு இரண்டு தசமம் வரை கிடைக்கிறது.

இன்னொரு வேறுபாடு பலர் கவனிக்காதது. அரசின் சூத்திரத்தில் அடிப்படை எண்ணால் வகுப்பது உண்டு. நம் சூத்திரத்தில் வகுத்தல் இல்லை, வெறும் கழித்தல்தான். 123.03இலிருந்து 143.00க்கு விலைவாசி ஏறியிருப்பது உண்மையில் 16.23 சதவீதம். நாம் பெறுவது 19.97 சதவீதம். இந்தச் சாதகம் முந்தைய ஒப்பந்தங்களிலும் சிறிய அளவில் இருந்தது. பதினொன்றாவது ஒப்பந்தத்தில், 1960ஐ 100 என்று வைக்கும் பழைய அளவில், 6352 புள்ளிகளுக்கு மேல் ஒவ்வொரு 4 புள்ளிக்கும் 0.07 சதவீதம் தந்தார்கள். 4ஐ 6352ஆல் வகுத்தால் கிடைப்பது 0.063 சதவீதம் மட்டுமே. ஆகவே நம் சூத்திரம் ஊழியருக்குப் பாதகமானது என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. அதே சமயம், ஏறும்போது அதிகமாக ஏறும் சூத்திரம் இறங்கும்போதும் அதிகமாகவே இறங்கும். இரு காலாண்டுகளுக்கு இடையே குறியீட்டெண் 144.23இலிருந்து 143.00க்கு வந்தது 0.85 சதவீதச் சரிவு, டி.ஏ. கணக்கில் வரும் உங்கள் சம்பளம், படியையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் குறைந்திருக்கிறது. உங்களுக்கு உறுத்துவது நியாயமானதே.

கேள்வியாளரின் மறுமொழி: எழுத்தர், சேலம்

இருவருக்கும் நன்றி. சீட்டில் உள்ள தொகை பைசா வரை பொருந்துகிறது. இரண்டு விஷயங்கள் இன்னும் தெளிவாகவில்லை. 123.03 என்ற எண்ணை யார், எதை வைத்துத் தீர்மானித்தார்கள்? மார்ச் வரை விலை குறைந்ததாகக் குறியீடு சொல்கிறது என்றால், அது யாருடைய கூடையில் குறைந்தது? எங்கள் வீட்டுச் செலவில் அப்படி ஒரு குறைவு எனக்குத் தெரியவில்லை.

பதில் 3: தொழிற்சங்கக் கிளைப் பொறுப்பாளர், கோவை

123.03 என்பது 2021 ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களின் சராசரி. அந்த மூன்று மாதங்களின் எண்கள் முறையே 122.8, 123.0, 123.3, கூட்டி மூன்றால் வகுத்துப் பாருங்கள். நீங்கள் கேட்ட 8088ம் இதுவேதான், 1960ஆம் ஆண்டை 100 என்று வைக்கும் பழைய அளவில் சொல்லப்பட்டது. 1960, 1982, 2001, 2016 என அடிப்படை ஆண்டு மாறியபோதெல்லாம் ஓர் இணைப்புக் காரணி தரப்பட்டது. 123.03ஐ 2.88ஆலும், பிறகு 4.63ஆலும், பிறகு 4.93ஆலும் பெருக்கினால் 8088 வந்துவிடும். பதினொன்றாவது ஒப்பந்தம் வரை நாம் இந்தப் பழைய அளவிலேயே, நான்கு புள்ளிக்கு ஒரு ஸ்லாப் என்று எண்ணிக்கொண்டிருந்தோம். பன்னிரண்டாவது ஒப்பந்தத்தில்தான் ஸ்லாப் முறை போய் நேரடிக் கழித்தல் வந்தது. ஓர் உறுப்பினர் தன் கைப்பேசியிலேயே படியைச் சரிபார்க்க முடிகிறது என்பதால் இந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன்.

அந்தக் காலாண்டுக்குப் பழைய கணக்கில் 6352க்கு மேல் 434 ஸ்லாப்கள், அதாவது 30.38 சதவீதம் டி.ஏ. இருந்தது. அந்த 30.38 சதவீதத்தை அடிப்படைச் சம்பளத்தோடு இணைத்து, அதன்மேல் 3 சதவீதம் ஏற்றம் கொடுத்துப் புதிய சம்பள விகிதம் அமைத்தார்கள். எழுத்தரின் பழைய தொடக்கச் சம்பளம் 17,900. அது 24,050 ஆனது இப்படித்தான்.

கூடையைப் பற்றிய உங்கள் கேள்வி முக்கியமானது. 2016 வரிசையில் உணவு, பானங்களுக்கு 39.17 சதவீத எடை தரப்பட்டிருக்கிறது; வீட்டு வசதிக்கு 16.87, எரிபொருள், விளக்குக்கு 5.50, உடை, காலணிக்கு 6.08, பாக்கு, புகையிலை வகைக்கு 2.07, மருத்துவம், கல்வி, போக்குவரத்து முதலிய மற்றவை அனைத்துக்கும் சேர்த்து 30.31. குளிர்காலத்தில் காய்கறி வரத்து பெருகித் தக்காளி, உருளை, கீரை விலைகள் சரியும்போது இந்தப் பெரிய எடையுள்ள பகுதி குறியீட்டைக் கீழே இழுக்கிறது. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை மாதாமாதம் எண் இறங்கியிருப்பதைக் கவனியுங்கள். உங்கள் வீட்டில் காய்கறிச் செலவு சம்பளத்தில் ஒரு சிறு பங்கும், வாடகையும் பிள்ளைகளின் கட்டணமும் பெரும் பங்கும் என்றால் அந்தச் சரிவை நீங்கள் உணர வாய்ப்பில்லை.

வாடகைக்கும் ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. அதை மாதந்தோறும் எடுப்பதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து ஜனவரியிலும் ஜூலையிலும் மட்டும் குறியீட்டில் சேர்க்கிறார்கள். 2024 ஜூனில் 141.4 ஆக இருந்த எண் ஜூலையில் 142.7க்குத் தாவியதைப் பார்த்தால் இதன் பங்கு ஓரளவு புரியும். மேலும், இது அகில இந்தியச் சராசரி. சென்னை, கோவை, சேலம், மதுரை, குன்னூர் ஆகியவை அந்த 88 மையங்களில் அடங்கும் என்றாலும், சேலத்தின் விலை உங்கள் படியைத் தனியாகத் தீர்மானிப்பதில்லை.

பதில் 4: ஓய்வு பெற்ற கிளை மேலாளர், மதுரை

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் எங்கள் தலைமுறையின் பஞ்சப்படிப் போராட்டங்கள் நினைவுக்கு வந்தன; அகவிலைப்படியை அன்று பஞ்சப்படி என்றுதான் சொல்வோம். வங்கி ஊழியர்களின் ஊதியம் குறித்து 1953இல் வந்த சாஸ்திரி தீர்ப்பு, 1962இல் வந்த தேசாய் தீர்ப்பு, அதன்பின் 1966 அக்டோபர் 19இல் கையெழுத்தான முதல் இருதரப்பு ஒப்பந்தம் என்று பல படிகள் தாண்டித்தான் இந்த உரிமை இங்கே வந்து நிற்கிறது. இன்று எல்லா நிலை ஊழியருக்கும் ஒரே சதவீதம் என்பது உங்களுக்கு இயல்பாகத் தோன்றும். எட்டாவது ஒப்பந்தத்துக்கு முன் அப்படி இல்லை. ஏழாவது ஒப்பந்தத்தில் 1684 புள்ளிகளுக்கு மேல் ஒவ்வொரு ஸ்லாப்புக்கும் சம்பளத்தின் முதல் 7,100 ரூபாய்க்கு 0.24 சதவீதம், அதற்கு மேல் 11,300 வரை 0.20, பிறகு 12,025 வரை 0.12, அதற்கும் மேல் 0.06 என்று படி தேய்ந்துகொண்டே போகும். சம்பளம் உயர உயர விலைவாசிக்கு ஈடு குறையும். எட்டாவது ஒப்பந்தத்தில் 2288 புள்ளிகளுக்கு மேல் எல்லோருக்கும் 0.18 என்று ஆனபோதுதான் அந்த வேறுபாடு நீங்கியது. அதற்கு முன் ஓய்வு பெற்ற மூத்தவர்கள் தேய்ந்த படியிலேயே விடப்பட்டார்கள். அவர்களுக்கு முழு ஈடு 2023இல்தான் கிடைத்தது. அவர்களில் பலர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

இறங்கும் படி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கொரோனா காலத்தில், 2020 ஏப்ரலில், மத்திய அரசு தன் ஊழியர்களின் மூன்று தவணை அகவிலைப்படியை நிறுத்தி வைத்தது. 17 சதவீதத்திலேயே 2021 ஜூன் வரை நின்று, ஜூலை முதல் 28 சதவீதமானது. இடைப்பட்ட 18 மாத நிலுவை தரப்படவில்லை. வங்கி ஊழியரின் படி அப்போதும் காலாண்டுதோறும் கணக்கிட்டுத் தரப்பட்டது, ஏனென்றால் நமக்கு அது ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட ஊதியம். 415 ரூபாய் குறைந்த மாதத்தில் இதையும் எண்ணிப் பாருங்கள்.

ஓய்வூதியர்களுக்குக் கணக்கு வேறு. எங்களுக்குப் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் மட்டுமே படி மாறும். ஆகவே மே மாதச் சரிவு எங்களைத் தொடவில்லை. ஆனால் நாங்கள் எந்த ஒப்பந்தக் காலத்தில் ஓய்வு பெற்றோமோ அந்தச் சூத்திரத்திலேயே நிற்கிறோம். நான் ஒன்பதாவது ஒப்பந்தக் காலத்தவன். எனக்கு 2836 புள்ளிகளுக்கு மேல் ஒவ்வொரு ஸ்லாப்புக்கும் 0.15 சதவீதம். 2025 பிப்ரவரிக் கணக்கில் அது 250 சதவீதத்தை ஒட்டி வந்தது. கேட்பவர்கள் வியக்கிறார்கள். அந்த 250 சதவீதம் எந்தத் தொகையின் மேல் கணக்கிடப்படுகிறது என்று யாரும் கேட்பதில்லை. அடிப்படை ஓய்வூதியம் நான் பணி நிறைவு செய்த நாளில் என்னவோ அதுவேதான்; அதன்பின் கையெழுத்தான மூன்று ஒப்பந்தங்களில் பணியில் இருப்போருக்குக் கிடைத்த ஏற்றம் எதுவும் அதில் சேரவில்லை. விலைவாசிக்கு ஈடு கிடைக்கிறது, ஊதிய உயர்வில் பங்கு கிடைக்கவில்லை. ஓய்வூதியத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்று நாங்கள் கேட்பது இதைத்தான். சிறப்புப் படியையும் அதன் மேலான டி.ஏ.வையும் ஓய்வூதியத்துக்குக் கணக்கில் எடுப்பதில்லை என்பதையும், உங்கள் சீட்டில் அந்த 26.5 சதவீதத்தைப் பார்க்கும்போது, இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வியாளரின் மறுமொழி: எழுத்தர், சேலம்

ஐயா, நீங்கள் சொன்ன கடைசிச் செய்தி எனக்குப் புதிது, நன்றி. ஒன்று மட்டும் கேட்கிறேன். காலாண்டுச் சராசரிக்குப் பதில் அரசைப் போலப் பன்னிரண்டு மாதச் சராசரியை எடுத்தால் இந்த ஏற்ற இறக்கம் வராதே. அடுத்த ஒப்பந்தத்தில் அதைக் கேட்கக் கூடாதா?

பதில் 5: அதிகாரி, சென்னை

கேட்கலாம், ஆனால் கேட்பதற்கு முன் கணக்கிட்டுப் பார்த்துவிடுங்கள். 2025 பிப்ரவரியில் நமக்குக் கிடைத்த 21.20 சதவீதம், பன்னிரண்டு மாதச் சராசரியான 141.58ஐ வைத்திருந்தால் 18.55 மட்டுமே ஆகியிருக்கும். 26,730 ரூபாய் அடிப்படைச் சம்பளமும் சிறப்புப் படியும் சேர்ந்த தொகைக்கு அது மாதம் ஏறக்குறைய 896 ரூபாய் குறைவு. மே மாதத்தில் குறைந்த பிறகும் நீங்கள் பெறும் 19.97, அந்த 18.55ஐவிட அதிகம். விலைவாசி பொதுவாக ஏறிக்கொண்டே போகும் நாட்டில் நீண்ட சராசரி ஊழியருக்குப் பெரும்பாலும் பின்தங்கிய படியையே தரும். இறங்கும் காலாண்டுகள் அரிது. ஏறும் காலாண்டுகளே பெரும்பான்மை. ஒப்பந்தம் 2027 அக்டோபர் 31இல் முடிகிறது. சங்கத்தில் விவாதிக்க வேண்டுமென்றால், வீட்டு வாடகைப் படிக்கு டி.ஏ. இல்லாததையும் சிறப்புப் படி ஓய்வூதியத்தில் சேராததையும் எடுத்துப் பேசுவது பயன் தரும் என்பது என் கருத்து. ஆகஸ்ட் படிக்கான கடைசி எண், ஜூன் மாதத்துடையது, ஜூலை இறுதியில் வெளியாகும்; அன்று மூன்று எண்களையும் கூட்டி மூன்றால் வகுத்து 123.03ஐக் கழித்துவிட்டால், சுற்றறிக்கை வருமுன்பே உங்கள் சதவீதம் உங்களிடம் இருக்கும்.